தலைப்பைக் கொடுப்பவர்: கேம்பிரிட்ஜின் லெ பா பரிசை முன்வைத்து

நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு கிழமை இருக்கும். தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருவர், நானாவும் தம்பியும், வீட்டுக்கு வந்தார்கள். வாப்பா மௌத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. புடவைக் கடை வைத்திருந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்றாலும் ஊருக்கு வரும் எந்தச் சஞ்சிகையையும் காசு கொடுத்து வாங்கி வாசித்தவர். "சேர், வாப்பாட பேர்ல கம்பஸ் புள்ளைகளுக்கு ஒரு பரிசு வைக்கலாமெண்டு யோசிக்கிறம். வருசா வருசம் நல்ல இலக்கியக் கட்டுரை ஒண்டுக்கு" என்றார் மூத்தவர். நொத்தாரிசு எழுதிக் கொடுத்த உறுதியின் நகலும் கையில் இருந்தது.

வாசித்துப் பார்த்தேன். தொகை, வைப்பு, வட்டி, நடுவர் குழு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. நான்காம் பிரிவு மட்டும் என்னை நிறுத்தியது. கட்டுரையின் பொருள் இலக்கியம் சார்ந்ததாகவும், முஸ்லிம் சமூகத்தின் பெருமைகளை எடுத்துக்காட்டுவதாகவும் இருத்தல் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

"இந்த ரெண்டாவது 'உம்'மை ஆர் போட்ட?" என்று கேட்டேன்.

"நாங்கதான் சேர். சும்மா இலக்கியமெண்டா ஆக்கள் என்னத்தையும் எழுதிருவாங்களே" என்றார் தம்பி.

அவருக்கு அப்போது நான் ஒழுங்கான பதில் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்குக் கொஞ்சம் தூரம் போக வேண்டும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லெ பா பரிசு என்று ஒரு கட்டுரைப் பரிசு 1848இல் நிறுவப்பட்டது. சார்ள்ஸ் வெப் லெ பா ஒரு பாதிரியார், கணிதம் படிப்பித்தவர். லண்டனுக்கு வடக்கே ஹெய்லிபரி என்ற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பனி நடத்திய கல்லூரியில் 1813ஆம் ஆண்டு சேர்ந்து, 1837 முதல் 1843 வரை அதிபராக இருந்தார். கம்பனியின் இந்திய ஆட்சிக்கு உத்தியோகத்தர்களைத் தயாரித்து அனுப்புவதே அக்கல்லூரியின் வேலை. கம்பனிப் பணிப்பாளர்களின் சிபாரிசில் வந்து சேரும் பையன்கள் சட்டம், அரசியல் பொருளாதாரம், பாரசீகம், இந்துஸ்தானி என்று படித்துவிட்டுக் கப்பலேறுவார்கள். சனத்தொகைக் கோட்பாட்டால் பேர்போன மல்தஸ் அங்கேதான் பேராசிரியராக இருந்தார்.

இந்தியாவில் கலெக்டராகவும் நீதவானாகவும் அமர்ந்துவிட்ட பழைய மாணவர்கள் தங்கள் அதிபரை மறக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே காசு சேர்த்து, அவர் படித்த கேம்பிரிட்ஜிலே அவர் பெயரில் இந்தப் பரிசை ஏற்படுத்தினார்கள். மாணவர் ஆசிரியருக்குக் காட்டிய நன்றி என்ற அளவில் அது மெய்யானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

அவர்கள் விதித்த நிபந்தனைதான் நமக்கு முக்கியம். பொதுவான இலக்கியத்திலிருந்து ஒரு பொருள் ஆண்டுதோறும் கொடுக்கப்பட வேண்டும். இடையிடையே அப்பொருள் ஆங்கில-இந்திய சாம்ராச்சியத்தின் வரலாறு, அதன் நிறுவனங்கள், அதன் எதிர்காலம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டும் தெரிவு செய்யப்பட வேண்டும். கடைத்தெருச் சகோதரர்கள் போட்ட அதே 'உம்'மை கல்கத்தாவின் துரைமாரும் போட்டிருக்கிறார்கள்! "இடையிடையே" என்று மெதுவாகத்தான் சொன்னார்கள். ஆனால் உறுதியில் ஒரு சொல் ஏறிவிட்டால் அது மெதுவாக நடந்துகொள்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு விலகல். லெ பா அதிபராக இருந்த அதே காலத்தில், அதே கல்லூரியில், மிர்ஸா முகம்மது இப்ராஹீம் என்ற ஈரானியர் பாரசீகம் கற்பித்தார். 1826 முதல் 1844 வரை அங்கே இருந்தார். ஆங்கிலத்தில் ஒரு பாரசீக இலக்கணமும் எழுதி 1841இல் வெளியிட்டார். இந்திய நீதிமன்றங்களில் அந்தப் பையன்களுக்குக் கைகொடுத்த மொழியில் ஒரு பங்கு அவர் வாயிலிருந்து வந்தது. கணிதமும் வேதமும் படிப்பித்தவர் பெயரில் கேம்பிரிட்ஜில் பரிசு இருக்கிறது. மிர்ஸாவின் பெயரில் அங்கே ஒன்றும் இல்லை. நன்றிக்கும் ஒரு முகவரி வேண்டியிருக்கிறது போலும்.

தொடக்கத்தில் அந்த 'உம்' பெரிதாக வேலை செய்யவில்லை. 1856இல் பரிசு பெற்ற எஃப். டபிள்யூ. ஃபரார் எழுதியது, எலிசபெத், முதலாம் ஜேம்ஸ் காலத்து ஆங்கில இலக்கியத்தில் கிரேக்க, லத்தீன் படிப்பின் மறுமலர்ச்சி ஏற்படுத்திய தாக்கம் பற்றி. கலப்பில்லாத இலக்கியப் பொருள். ஃபரார் பம்பாயில் பிறந்தவர் என்பது ஒரு தற்செயல். பிற்காலத்தில் பள்ளிக்கூடக் கதை எழுதியும் கன்ரபரி பேராலயத்துக்குத் தலைவராகியும் பேர் பெற்றார்.

அதற்கு அடுத்த வருடமே 1857. கிளர்ச்சி, டில்லியின் வீழ்ச்சி, கடைசி முகலாயரின் நாடுகடத்தல். 1858இல் ஹெய்லிபரிக் கல்லூரியும் மூடப்பட்டது, கம்பனி ஆட்சியும் முடிந்தது. பரிசை ஏற்படுத்தியவர்களின் கல்லூரி போய்விட்டது, எசமான் போய்விட்டான், ஆனால் அவர்கள் எழுதிய நிபந்தனை கேம்பிரிட்ஜில் அசையாமல் இருந்தது. நிதி வைத்துத் தொடங்கும் பரிசின் விசேஷமே அதுதான். வைத்தவர் மண்ணுக்குப் போன பின்னும் அவர் எழுதிய வாசகம் வருடாவருடம் எழுந்து நின்று பேசும். நமக்கு இது புதிதல்ல. வக்பு செய்தவரின் நிபந்தனை மார்க்கம் விதித்தவனின் வசனத்தைப் போன்றது என்று பிக்ஹு நூல்களில் ஒரு வாசகம் உண்டு. இமாம் இப்னு தைமிய்யா அதற்கு ஒரு வரம்பு கட்டினார்: பொருளை விளங்கிக்கொள்ளும் முறையில்தான் அது வசனத்தைப் போன்றது, நிறைவேற்றியே தீரவேண்டிய கடமையில் அல்ல. கேம்பிரிட்ஜில் அப்படி ஒரு விவாதம் வேண்டியிருக்கவில்லை. சாம்ராச்சியம் வளரவளர அந்த நிபந்தனையும் நாளுக்குப் பொருத்தமாகிக்கொண்டே போயிற்று.

1880களிலும் அதற்குப் பின்னரும் வந்த மூன்று பரிசுக் கட்டுரைகளைப் பார்ப்போம். 1886இல் ஈ. ஜே. ராப்ஸன் பரிசு பெற்றது, இந்தியாவில் மேலாண்மைக்காக இங்கிலாந்தும் பிரான்சும் நடத்திய போராட்டம் பற்றிய கட்டுரைக்கு. 1890இல் எஃப். டபிள்யூ. தோமஸ், இந்தியாவில் பிரித்தானியக் கல்வியின் வரலாறும் எதிர்காலமும் பற்றி. 1891இலும் அதே தோமஸ்தான். இம்முறை பொருள், முகம்மதியர் மேலாதிக்கக் காலத்தில் சட்டம், ஒழுக்கம், சமயம் ஆகியவற்றில் முகம்மதியரும் இந்துக்களும் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட தாக்கம். 1892இல் அது நூலாகவும் வந்தது. அப்போது தோமஸுக்கு இருபத்தைந்து வயது. இந்தியாவிலிருந்து கடல்தாண்டிய தூரத்தில், ஒரு பல்கலைக்கழகப் பரிசுக்காக நம்மைப் பற்றி எழுதப்பட்ட புத்தகம்.

இந்தக் கடைசித் தலைப்பை ஒரு கவிதையை வாசிப்பதுபோல் சொல் சொல்லாக வாசிக்க வேண்டும் என்பேன்.

"முகம்மதியர்" என்ற சொல்லை விடுவோம், அந்தக் காலத்து வழக்கம், நம்மவர்களும் பலர் அதை எழுதினார்கள். "மேலாதிக்கக் காலத்தில்" என்பதில்தான் சங்கதி இருக்கிறது. ஆறேழு நூற்றாண்டு ஒன்றாகக் குடியிருந்த மக்களின் கொடுக்கல் வாங்கலுக்கு ஆட்சியின் பெயரால் ஒரு வேலி கட்டியாகிவிட்டது. ஆட்சி முடிந்த இடத்தில் கேள்வியும் முடிந்துவிடும். தலைப்பைக் கொடுத்த 1891இல் இரு சாராரும் ஒருவரிலிருந்து ஒருவர் எதைப் பெறுகிறார்கள், மூன்றாமவனின் மேலாதிக்கத்தில் அந்த உறவு என்ன ஆயிற்று என்று கேட்க அங்கே இடமில்லை. தலைப்பு பொய் சொல்லவில்லை. கேட்கக்கூடாததைக் கேட்காமல் விடுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். இது பொதுவான இலக்கியத்துக்கென்று ஏற்பட்ட பரிசு. தலைப்பு எண்ணிச் சொல்லும் துறைகளோ சட்டம், ஒழுக்கம், சமயம். மூன்றில் இலக்கியம் இல்லை! இரண்டு சமூகங்களின் பரஸ்பரத் தாக்கம் கண்ணுக்கு முன்னால் நிற்கும் இடம் இலக்கியம் தானே? அமீர் குஸ்ரோ இருக்கிறார். 1540 அளவில் ராஜபுத்திர ராணியின் கதையை அவதி மொழியில் சூஃபிக் காவியமாக்கிய மாலிக் முகம்மது ஜாயசி இருக்கிறார். 1657இல் உபநிடதங்களைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்த தாரா ஷிகோ இருக்கிறார். தமிழுக்கு வந்தால் உமறுப்புலவர். நபிகளாரின் சரிதையைத் தமிழ்க் காப்பிய மரபில் நாடும் நகரும் ஆறும் வைத்துப் பாடியவரை விடப் பெரிய சாட்சி யார்? ஆனால் ஆளுகிறவனுக்குச் சட்டமும் ஒழுக்கமும் சமயமும்தான் கோப்பில் வருகின்றன. கச்சேரியில் வழக்காக வருபவை அவை. சீறாப்புராணம் வழக்காக வராது. நிபந்தனை எழுதியவர்கள் உத்தியோகத்தர்கள் என்பதை நாற்பது வருடம் கழித்தும் தலைப்பு மறக்கவில்லை.

அதே 1891இல் ஒக்ஸ்போர்டில் வேந்தர் பெயரால் வழங்கும் ஆங்கிலக் கட்டுரைப் பரிசை ஈ. கே. சேம்பர்ஸ் வென்றார். பொருள், இலக்கியப் போலிகளின் வரலாறும் அவற்றைச் செய்தவர்களின் நோக்கமும். எவ்வளவு அழகான கேள்வி. தான் எழுதியதை இன்னொருவன் எழுதியதாக ஏன் ஒருவன் சாதிக்கிறான்? சேம்பர்ஸ் பின்னாளில் அரச கல்வித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆங்கில நாடக மேடையின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். ஒக்ஸ்போர்ட்காரர்கள் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. 1879இல் அதே பரிசுக்கு ஒஸ்கார் வைல்ட் பண்டைய காலத்து வரலாற்று விமர்சனம் பற்றி எழுதிக் கொடுத்தார். அந்த வருடம் பரிசே யாருக்கும் வழங்கப்படவில்லை. அவருடைய கட்டுரை அவர் இறந்த பிறகு அச்சில் வந்தது. அந்த வருடத்து நடுவர்களின் பெயர்கள் இன்று யாருக்கு வேண்டும்?

தோமஸுக்குப் பரிசு கிடைத்த காலத்தில் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸெய்யித் அமீர் அலியின் 'இஸ்லாத்தின் ஆன்மா' 1891இல்தான் வெளிவந்தது. ஸர் ஸெய்யித் அஹ்மத் கானின் மகன் ஸெய்யித் மஹ்மூத் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் இருந்துவிட்டுத் திரும்பி, அலஹாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக அமர்ந்தவர். அவர் இந்தியாவில் ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை ஒரு பெரிய நூலாக எழுதி 1895இல் அலிகாரிலிருந்து வெளியிட்டார். தோமஸ் 1890இல் பரிசு பெற்ற அதே பொருள்! ஒருவர் நூலகத்தின் சன்னலிலிருந்து எதிர்காலத்தைப் பார்த்தார். மற்றவர் அந்தக் கல்வியைத் தன் சமூகத்துக்குள் கொண்டுவரத் தகப்பனோடு சேர்ந்து பாடுபட்டு, அதன் லாபமும் நட்டமும் தெரிந்து எழுதினார். இங்கே கொழும்பிலும் அந்த வருடங்களில்தான் சித்திலெப்பையும் அவரோடு நின்றவர்களும் இதே கல்விக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தோமஸின் சமயத் தாக்கக் கட்டுரை நூலான 1892இல்தான் மருதானையில் அல்-மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. இவர்களுக்கு யாரும் தலைப்புக் கொடுக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு லெ பா பரிசு ஆட்சியாளரின் கைக்கருவி என்று முடித்துவிட்டால் எனக்கு வேலை சுலபம். அது நியாயமாகாது. ராப்ஸன் 1906இல் கேம்பிரிட்ஜில் சமஸ்கிருதப் பேராசிரியரானார். பழைய இந்திய நாணயங்களைப் படித்து நாள் குறித்தவர், கேம்பிரிட்ஜ் இந்திய வரலாற்றின் முதல் தொகுதியைப் பதிப்பித்தவர். தோமஸ் 1903 முதல் இந்தியா ஒஃபிஸ் நூலகத்தைப் பொறுப்பேற்று, 1927இல் ஒக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியரானார். சில வருடங்கள் இரண்டு பல்கலைக்கழகங்களின் சமஸ்கிருத ஆசனங்களிலும் பழைய லெ பா பரிசாளர்களே இருந்தார்கள். கொடுத்த தலைப்பு அவர்களைக் கட்டிப்போட்டுவிடவில்லை. ஒருவர் நாணயத்தின் பின்னால் போனார், மற்றவர் திபெத்தியச் சுவடிகளின் பின்னால் போனார். கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு மோசமான கேள்வியும் வாசல்தான். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரர் அல்ல. அவர்களுக்குக் கேள்வியே சுவராகிவிடும்.

பிற்பாடு அந்த 'உம்' ஓய்ந்துபோயிற்று. 1933இல் ஹியூ சைக்ஸ் டேவிஸ் பரிசு பெற்றது நாடகத்தில் யதார்த்தவாதம் பற்றிய கட்டுரைக்கு. அடுத்த வருடம் அது நூலாயிற்று. அதே பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர் ஆய்வுக்கென்று இருக்கும் ஹார்னெஸ் பரிசை 1931இல் எம். சி. பிராட்புரூக் என்ற பெண் வென்றிருந்தார், எலிசபெத் காலத்து மேடையின் நிலைமைகள் பற்றி எழுதி. பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க கேம்பிரிட்ஜ் 1948 மட்டும் எடுத்துக்கொண்டது. பரிசு முந்திவிட்டது, பட்டம் பிந்தி வந்தது. நிதியப் பரிசுகளைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்வதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி நம்மட கதை. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கட்டுரைப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். எந்த அமைப்பு என்பது வேண்டாம். தலைப்பு நாமெல்லோரும் மனப்பாடமாக அறிந்த வகைதான்: தமிழ் இலக்கிய வளர்ச்சிக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு. நாற்பதுக்கு மேல் கட்டுரைகள் வந்தன. முக்கால்வாசிக் கட்டுரைகளில் முதற்பந்தி ஒன்றே. பெயர்கள் ஒரே வரிசையில் வந்தன, அதே அடைமொழிகளோடு. ஒரே ஒரு பிள்ளை மட்டும், கிழக்கு மாகாணத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும், தன் உம்மம்மா நெல்லுக் குத்தும்போது பாடிய பாட்டில் ஒரு சொல் தனக்கு விளங்கவில்லை என்று தொடங்கி, அந்தச் சொல்லைத் தேடி ஐந்து பக்கம் போயிருந்தது. அந்தக் கட்டுரையில் "பங்களிப்பு" என்ற சொல்லே இல்லை. தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று மற்ற இரண்டு நடுவர்களும் தள்ளினார்கள். நான் போதுமானளவு சண்டை பிடிக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பங்களிப்பு, தொண்டு, பெருமை. இந்தச் சொற்கள் ஒருவருக்கு நம்மை நிரூபித்துக் காட்டச் சொல்கின்றன. அந்த ஒருவர் யாரென்று தலைப்பில் எழுதியிருக்காது. சிறுபான்மையாக வாழும் சமூகத்துக்கு அப்படி நிரூபிக்கவேண்டிய நாட்கள் வருவதுண்டு, நமக்கும் வந்திருக்கின்றன. அந்த வேலைக்கு மனு எழுதலாம், அறிக்கை விடலாம். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒரு கதையையோ காவியத்தையோ முதன்முதலாகத் தன் கண்ணால் வாசித்துப் பார்க்கும் கட்டுரையை அதற்கு ஏன் அனுப்புகிறோம்? கல்கத்தாவின் துரைமார் தங்கள் சாம்ராச்சியத்தின் எதிர்காலத்தைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். நாம் நமது கடந்தகாலத்துக்கு நற்சான்றிதழ் கேட்கிறோம். உமறுப்புலவரின் காவியத்தில் இன்ன இடம் சோர்ந்துபோகிறது என்று ஒரு மாணவி எழுதினால் அவளுக்கு நான்காம் பிரிவின்படி பரிசு கொடுக்க முடியுமா? முடியாது. அவள் எழுதியதே அந்த வருடத்து மிகச் சிறந்த கட்டுரையாக இருந்தாலும் முடியாது.

தம்பியின் பயத்தையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. வாப்பாவின் பெயரில் வருகிற காசில் வாப்பா விரும்பாத ஒன்றை யாராவது எழுதிவிட்டால்? எழுதலாம்தான். ஆனால் அந்த மனுசன் எந்தச் சஞ்சிகையையும் வாங்கி வாசித்தவர். தனக்குப் பிடிக்காததையும் வாங்கியவர். ஒருமுறை கடையிலே ஒரு கதையைச் சுட்டிக்காட்டி, "இவன் நம்மளப் பத்திப் பிழையா எழுதிரிக்கான், ஆனா நல்லா எழுதிரிக்கான்" என்று என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. அந்த வசனத்தை உறுதியில் எப்படி எழுதுவதென்று நொத்தாரிசுக்குத்தான் தெரிய வேண்டும்.

போன கிழமை மூத்தவர் தொலைபேசியில் பேசினார். நான்காம் பிரிவை அடித்துவிட்டு, பொருளை மாணவரே தெரிந்துகொள்ளலாம் என்று எழுதச் சொல்லியிருக்கிறாராம். தம்பிக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. "இலக்கியம் சார்ந்ததாக" என்பதற்குப் பிறகு கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு மூன்று பேருமாக இருந்து பேசுவதென்று சொல்லியிருக்கிறோம்.